தலை குனிந்த ரோஜா

கேரள எல்லையில், நல்லேப்பிள்ளி வீட்டு முற்றத்தில், பிரான்ஸில் பிறந்த ஒரு பழைய ரோஜா. அதைக் கெடுத்தவனுக்கே அதைக் காப்பாற்றும் வேலையும் வந்து சேர்ந்தது.

நல்லேப்பிள்ளியில் தை மாதக் காலை என்றால் முதலில் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிழக்கிலிருந்து நுழையும் வறண்ட காற்று தென்னை ஓலைகளை ஒரே பக்கமாக வாரிவிடுகிறது. கொடியில் காயும் வேட்டியைப் பறித்துக்கொண்டு போகிறது. உதட்டை வெடிக்க வைக்கிறது. அந்தக் காற்றுக்கு நடுவே, செம்பருத்தி வேலியின் மறைவில், ஒரே ஒரு ரோஜா கழுத்தைத் தொங்கவிட்டு நிற்கிறது.

திண்ணையில் டீச்சர். வயது 80-ஐத் தாண்டிவிட்டது. தமிழ்வழிப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவர். குரல் மட்டும் இன்னும் வகுப்பறைக் குரல்தான்.

"நின்னுட்டுப் பார்த்தா அதோட முகம் தெரியாது. குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். உள்ளங்கையை நிறைக்கும் பூ. அடுக்கடுக்காக அறுபது இதழ் வரை இருக்கும். இதழின் உட்புறம் வெள்ளி பூசியது போன்ற வெளிர் ரோஸ். முதுகுப்புறம் அதைவிட அழுத்தமான நிறம். விளிம்புகள் வெளிப்புறமாகச் சுருண்டிருக்கின்றன. அப்புறம் அந்த மணம். முகத்தருகே கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. காற்று ஓய்ந்த நொடியில் திண்ணைவரை அதுவாகவே வருகிறது.

நான் வந்தது பூப் பார்க்க அல்ல. இரண்டு நாளுக்கு முன் டீச்சர் தொலைபேசியில் பேசினார். மகன் கார் நிறுத்த இடம் கட்டப் போகிறார். மாசியில் மதிலை இடிக்கிறார்கள். செடி நிற்கும் இடம்தான் புது வாசல். "முதிர்ந்த செடி. பேர்த்து வெச்சா பிழைக்காது. நீ வந்து என்ன செய்யணுமோ செய்" என்றார். ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்த காரணம்தான்.

*

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு உடனே மாறுவதில்லை. எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை என்று தமிழ் பேசும் ஊர்கள் தொடர்கின்றன. சித்தூரை அடுத்த நல்லேப்பிள்ளிக்கு வருவதற்குள் தமிழில் மலையாளமும் மலையாளத்தில் தமிழும் கலந்து, எது எதில் கலந்தது என்று பிரிக்க முடியாமல் போய்விடுகிறது. (ஆந்திரச் சித்தூர் அல்ல; இது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்.)

இங்கே எல்லை என்பது ஒரே இடத்தில் நின்ற கோடு அல்ல. 1956-க்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. பக்கத்திலிருக்கும் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. இன்றைக்கும் இந்த வயல்களின் தண்ணீர் ஒரு கணக்கில் வருகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தரப்பட வேண்டும். சோகநாசினி ஆற்றில் தண்ணீர் குறைந்தால் அந்த எண்ணை டீக்கடையில் கூடச் சொல்வார்கள்.

2000-இல் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படிக்க வந்த நான், டீச்சர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். சொந்த ஊர் உடுமலைப் பக்கம். சித்தூர் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கொங்கன்படைத் திருவிழா நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு மன்னனைத் தோற்கடித்ததன் கொண்டாட்டம் அது. "உங்க ராஜா தோத்த கதையைப் போய்ப் பாரு" என்று டீச்சர் என்னை அனுப்பிவைப்பார்.

செடி அப்போதே பழையது. டீச்சரின் அப்பா வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். துரை ஊருக்குக் கப்பலேறியபோது பங்களாத் தோட்டத்திலிருந்து இதை எடுத்துவந்தார். கிளையில் துத்தநாகத் தகடு ஒன்று கம்பியால் கட்டியிருந்தது. அதில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதிய பெயர்: லா பிரான்ஸ். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களுக்கு அது 'டீ ரோஜா'. டீ எஸ்டேட்டிலிருந்து வந்ததால் டீ ரோஜா என்றே டீச்சர் வெகுகாலம் நம்பியிருந்தார்.

காரணம் தவறு, பெயர் பாதி சரி. பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜான் பாப்டிஸ்ட் கியோ என்ற தோட்டக்காரர் 1867-இல் வெளியிட்ட ரோஜா இது. சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன 'டீ' ரோஜாக்களில் புதிதாகப் பறித்த தேயிலையின் வாசம் இருப்பதாகச் சொல்வார்கள். ஓயாமல் பூக்கும், ஆனால் குளிர் தாங்காது. ஐரோப்பாவின் 'ஹைப்ரிட் பெர்பெச்சுவல்' ரோஜாக்கள் குளிரைத் தாங்கும். ஆனால் பெயரில் உள்ள அளவுக்கு ஓயாமல் பூப்பதில்லை. இரண்டின் குணமும் சேர்ந்ததே 'ஹைப்ரிட் டீ'. தன் நாற்றுகளுக்கிடையே கிடைத்த இந்தச் செடியின் தாய் தந்தை யார் என்று கியோவுக்கே நிச்சயமில்லை. புதிய இனம் ஒன்று பிறந்துவிட்டது என்பதும் உடனே உறைக்கவில்லை. மாடு வளர்த்துப் பழகிய ஹென்றி பென்னட் என்ற ஆங்கில விவசாயி, மாட்டுக்குப் பார்ப்பது போலவே ரோஜாவுக்கும் வம்சம் பார்த்துக் கலந்து 1879-இல் சில ரகங்களை வெளியிட்ட பிறகுதான் இந்த இனத்துக்குத் தனி மரியாதை வந்தது.

இன்று அமெரிக்க ரோஜா சங்கம் 1867-ஐயே எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முன்பிருந்த வகைகள் 'பழைய தோட்ட ரோஜா'. பின்னால் வந்தவை 'நவீன ரோஜா'. எல்லையோர ஊரின் முற்றத்தில் நிற்கும் இந்தச் செடியே ஒரு எல்லைக்கல்தான்.

*

நல்ல தோட்டச் செடியா இது? போட்டிகளில் மதிப்பெண் போடுபவர்களைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். முதல் குறை கழுத்து. பூவின் கனத்தை காம்பு தாங்காது. ஜாடியில் வைத்தால் மேசையைப் பார்க்கும். இரண்டாவது, மழை. வெளி இதழ்கள் நனைந்து ஒட்டிக்கொள்ள, மொட்டு விரியாமல் பழுப்பு உருண்டையாக அழுகும். டீச்சர் இதை "அவிஞ்சு போச்சு" என்பார். மூன்றாவது, இலையில் கரும்புள்ளி. ஆடி மாதத்தில் பாதிச் செடி மொட்டையாகிவிடும்.

இடவப்பாதி மழை ஓங்கி அடிக்கும் கேரளத்தில் இப்படி ஒரு செடியை யாராவது வளர்ப்பார்களா? திருச்சூரிலோ கொச்சியிலோ என்றால் சிரமம்தான். மலைகள் விலகி நிற்கும் இந்தக் கணவாயின் கிழக்குப் பக்கத்தில் மழை குறைவு. பனையும் நிலக்கடலையும் கரிசல் மண்ணும் தொடங்கும் இடம் இது. இங்கே செடிக்கு ஆண்டில் இரண்டரை மாதம் வாய்க்கிறது. அந்த இரண்டரை மாதத்துக்காக மீதி ஒன்பதரை மாதம் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீச்சரின் முறை அப்பாவிடம் கற்றது. கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே ஒன்றரை அடிக் குழியில் அந்த மண்ணை வாரி எறிந்துவிட்டு, செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய சாணமும் நிரப்பி, சுற்றிலும் ஒரு சாண் உயர்த்திய மேடை. காலை வெயில் விழ வேண்டும். பிற்பகல் வெயிலுக்குத் தென்னை நிழல். கிழக்கே இடுப்பளவு செம்பருத்தி வேலி. காற்றைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. மழைக்காலத்தில் வரும் மொட்டுகளை அவர் கிள்ளி எறிந்துவிடுவார். "அவியறதுக்கு எதுக்குச் சிரமப்படணும்? செடி தூங்கட்டும்." துலாவர்ஷம் ஓய்ந்து, ஐப்பசி முடியும்போது கவாத்து. வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக ஒரு வெட்டு. ஏழு வாரத்தில், மார்கழிப் பனியில், முதல் பூ. மாசி கழிந்து வெயில் ஏறினால் பூ சிறுத்து, வெளுத்து, காலையில் விரிந்தது மாலையில் உதிரும். அவ்வளவுதான் ஆட்டம்.

இத்தனை பாடும் மணத்துக்காக. 1995-இல் தொடங்கிய ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவுக்கு உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 2006-இல் சிறந்த தோட்டத்துக்கான விருது கொடுத்தது. அங்கே படிப்படியான தளங்களில் ஆயிரக்கணக்கான பூக்கள் நிமிர்ந்து நிற்கின்றன. வருகிறவர்களைக் கவனித்தால் ஒரு பூவிடம் முகத்தைக் கொண்டுபோய், ஏமாந்து, அடுத்த பூவுக்கு நகர்வார்கள். நீண்ட காம்பு, வாடாத இதழ், பெட்டியில் நசுங்காத மொட்டு என்று வியாபாரத்துக்கு வேண்டியதையெல்லாம் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில், யாரும் கேட்காத மணம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ரோஜா மணத்தின் முக்கியப் பொருளான ஜெரானியால் உருவாவதில் பங்குள்ள ஒரு நொதியை 2015-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். மணமுள்ள ரகத்தில் அது சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. மணமற்றதில் மங்கிக் கிடக்கிறது.

கழுத்து தொங்குவது குறையா என்பதும் யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜாடிக்கு அது குறை. காம்பைக் கிள்ளிவிட்டுத் தலையில் சூடும் ஊரில் கழுத்தைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? தாழ்ந்த திண்ணையில் உட்கார்ந்திருக்கும் டீச்சருக்கோ, பூ அவரைப் பார்த்துத்தான் குனிந்திருக்கிறது.

*

இனி என் குற்றம். 2001 மார்ச். டீச்சர் ஒரு வாரம் கோவையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு. செடியின் பழைய கிளைகள் சாம்பல் பூத்து, இலை சுருங்கி, நோயாளி போல் இருந்தன. அடியிலிருந்தோ விரல் தடிமனில் நான்கு போத்துகள் பளபளவென்று நிமிர்ந்திருந்தன. எனக்கு 22 வயது. எது நலிந்தது, எது வலுத்தது என்று கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து முடிவெடுக்கும் வயது. கிழடானவற்றை ஒட்ட வெட்டிவிட்டு இளம் போத்துகளை விட்டேன். தகடு கட்டியிருந்த கிளையும் அதில் போனது.

ஒட்டு ரோஜா என்பது இரண்டு செடி என்று எனக்குத் தெரியாது. மண்ணுக்குக் கீழே வேர் ஒருவருடையது. மேலே பூ இன்னொருவருடையது. நான் வெட்டி எறிந்தது லா பிரான்ஸ். தப்பிக்கவிட்டது வேர்ச்செடியின் போத்து.

டீச்சர் வந்து பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் பெருமையாகச் சொல்லத் தொடங்கியது பாதியில் நின்றுபோயிற்று. பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாரமில்லை." மலையாளத்தில் அன்றாடம் சொல்லும் சொல். பரவாயில்லை என்று மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பதே பிழைப்பாகிப்போன இத்தனை ஆண்டுகளில் பல முறை அப்படித்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். அன்று அவர் முகத்தில் பார்த்ததை அந்தச் சொல் ஒருமுறையும் கொண்டுவந்ததில்லை.

செடியின் நிலையைப் பிறகு படித்தபோதுதான் என் கத்தரி எதைத் தொட்டது என்பது புரிந்தது. லா பிரான்ஸ் விதை பிடிப்பது அபூர்வம். பிடித்தாலும் விதையில் முளைப்பது வேறு செடி. 1867-இல் லியோனில் நின்ற அந்த ஒரே செடியின் கண்ணை எடுத்து வேறொரு வேரில் வைத்து, அதிலிருந்து இன்னொன்று என்று கைமாறிக் கைமாறித்தான் அது உலகெங்கும் போயிருக்கிறது. நடுவில் எத்தனையோ பேர் வெயிலில் குனிந்து உட்கார்ந்து கட்டியிருக்கிறார்கள். வால்பாறைத் துரைக்குக் கட்டிக்கொடுத்த தோட்டக்காரரின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. அந்த வரிசை நல்லேப்பிள்ளியில் என் கையால் அறுந்தது.

அறுந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். 2003-இல் ஓர் அஞ்சலட்டை வந்தது. இரண்டே வரி. ஒட்டின் மேல் கட்டைவிரல் உயரத்துக்குத் தண்டு மிஞ்சியிருந்ததாம். சாணம் பூசித் துணி சுற்றி வைத்ததில் ஒரு கண் விழித்துவிட்டதாம். இந்த மார்கழியில் ஒரு பூ.

*

வேர்ச்செடியைப் பகையாளியாக்கிவிட்டேன். அது நியாயமில்லை. அது எட்வர்ட் ரோஜா. பல ஊர்களில் பன்னீர் ரோஜா என்பார்கள். தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் காம்பில்லாமல் கிலோ கணக்கில் விற்கும் மாலைப்பூ. நம் வீடுகளில் கிணற்றடியில் கேட்பாரற்று நின்று, கேட்காமலே பூத்தது. இதை எட்வர்ட் மன்னரோடு சேர்த்துச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் 'எதுவார்' என்ற பிரெஞ்சுப் பெயர் நம் வாயில் எட்வர்ட் ஆயிற்று.

அதன் ஊர் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு. அன்றைய பெயர் போர்போன். தோட்டங்களுக்கு வேலியாக நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீனத்து ரோஜாவும் கலந்து அங்கே ஒரு புதிய செடி முளைத்தது. அதன் விதைகளை 1819-இல் பிரேயோன் என்ற தாவரவியலாளர் பாரீஸுக்கு அனுப்பினார். போர்போன் ரோஜாக்கள் என்று தனி இனம் உருவாயிற்று. ஹைப்ரிட் பெர்பெச்சுவலின் உடம்பில் ஓடுவது இவற்றின் ரத்தமும்தான். அப்படிப் பார்த்தால் எட்வர்ட், லா பிரான்ஸுக்குப் பாட்டி முறை. பேத்தியை மடியில் வைத்திருந்த பாட்டியைத்தான் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தேன்.

அதே ரீயூனியனுக்கு 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறினார்கள். அவர்களுடைய வாரிசுகளை அங்கே இன்றும் 'மல்பார்' என்றுதான் அழைக்கிறார்கள். மலபாரைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் அதே பெயர். சீனத்து ரோஜாவைப் பிரெஞ்சுக்காரர்கள் வங்காள ரோஜா என்றார்கள். கல்கத்தா வழியாக வந்ததால். எல்லை தாண்டுகிற எதற்கும் கடைசியாகக் கிளம்பிய துறையின் பெயர் ஒட்டிக்கொள்கிறது. நல்லேப்பிள்ளித் தமிழருக்கு இது புதிதல்ல. கோவைக்குப் போனால் அவர்கள் மலையாளத்தார். எர்ணாகுளத்துக்குப் போனால் தமிழர். பெயர் இப்படி மாறிக்கொண்டே இருக்கலாம். பூ எங்கே போனாலும் அதன் மணம் அதேதான்.

*

"நீயே கட்டு" என்றார் டீச்சர். அவருக்குக் கை நடுங்குகிறது, கண்ணும் சரியில்லை. கிணற்றடியில் மூன்று எட்வர்ட் கன்றுகள் பைகளில் தயாராக இருந்தன. சென்ற ஆண்டு அவரே பதியன் போட்டவை. அன்று நான் வெட்டாமல் விட்ட போத்துகளின் வழிவந்தவைதான். பட்டை கழன்று வருவதற்காக முந்தின நாள் நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தார்.

பூத்து ஓய்ந்த கிளை ஒன்றைக் காட்டினார். "முள்ளை ஒடிச்சுப் பாரு. சடக்குனு வந்தா கண் முத்திருச்சுன்னு அர்த்தம்." சடக்கென்று வந்தது. இலையை நறுக்கி, காம்பை மட்டும் கைப்பிடி போல விட்டு, அதன் கக்கத்தில் உறங்கும் கண்ணைப் பட்டையோடு கேடயம் போல் சீவி எடுக்க வேண்டும். வேர்ச்செடியின் பட்டையில் ஆங்கில 'டி' எழுத்தைப் போல் ஒரு கீறல். பட்டையை விலக்கிக் கண்ணை உள்ளே இறக்கி, கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்ட வேண்டும். எழுத ஒரு நிமிடம் ஆகவில்லை. செய்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டீச்சர் முழு நேரமும் பக்கத்தில் நின்று காற்று படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாரம் கழிச்சு அந்தக் காம்பைத் தொட்டுப் பாரு. காஞ்சு ஒட்டிட்டு நின்னா கண் செத்துப்போச்சு. தொட்டதும் விழுந்தா பிழைச்சுது."

மூன்றாம் வாரம் போனேன். மதில் பாதி இடிந்திருந்தது. பழைய செடி அப்போதும் நின்றது. வேலைக்காரர்கள் அதைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். முதல் கன்றின் காம்பு கறுத்துக் காய்ந்து ஒட்டியிருந்தது. இழுத்தும் வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெகுநேரம் தொடாமல் நின்றேன்.

"தொடு" என்றார் டீச்சர்.

மஞ்சளாகியிருந்த காம்பு விரல் பட்டதும் கீழே விழுந்தது. நாடாவின் இடுக்கில் கண் பச்சையாக இருந்தது, மிளகைவிடச் சிறியது.

டீச்சர் உள்ளே போய் ஒரு தகரத் துண்டும் ஆணியும் கொண்டுவந்து கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் குத்தினேன், இம்முறை தமிழில்: லா பிரான்ஸ். அவர் வாங்கிக் கண்ணருகே பிடித்து, விரலால் தடவிப் படித்தார். திருத்தும் நோட்டைத் திரும்பக் கொடுப்பது போல் என்னிடம் நீட்டினார்.

"கீழே வேரோட பேரையும் எழுது."